மேகக் காட்டுத் தேவாங்கு



மெலிந்த பிள்ளையைத் "தேவாங்கு மாதிரி இருக்கிறான்" என்று ஏசும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. அண்மையில் என் வகுப்பில் ஒரு மாணவன் தன் நண்பனை அவ்வாறு அழைத்தான். "தேவாங்கு என்றால் என்ன?" என வினவினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஏசியவனுக்கும் தெரியவில்லை!

ஆஸ்திரேலியாவின் பனிமலையில், குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் எலியளவு விலங்கு ஒன்று உண்டு. 1895இல் அதன் எலும்புகளை மட்டுமே கண்ட அறிவியலார், அஃது என்றோ அழிந்த இனம் என எண்ணினர். 1966இல் பனிச்சறுக்கு விடுதியொன்றில் அஃது உயிருடன் அகப்பட்டது. அதற்கு இணையான வரலாறு நம்மவர் வாழும் இலங்கை மலையகத்துத் தேவாங்குக்கும் உண்டு.

கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே, மேகம் தவழும் ஹோர்ட்டன் சமவெளிக் காடுகளே அதன் இருப்பிடம். உடல் நீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். குளிருக்கேற்ற அடர்ந்த உரோமம், குட்டையான கைகால்கள், இருளில் ஒளிரும் பெரிய கண்கள். கொழும்பில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஒஸ்மான் ஹில் 1942இல் இதனைத் தனிக் கிளையினமாக விவரித்தார். அதற்கு முன்பே, 1939க்குப் பின், அஃது எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்ததென்றே கருதப்பட்டு, 2002இல் ஒருமுறை தென்பட்டது. பின்னர் ஆய்வாளர்கள் 120 காட்டுப் பகுதிகளில் இரவிரவாகத் தேடினர். 2010இல் அதன் முதல் நிழற்படங்கள் வெளியாயின. எஞ்சியவை நூற்றுக்கும் குறைவாக இருக்கலாம் என அப்போது அஞ்சினர்.

ஏன் இந்நிலை? தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளையைப் பற்றிப் பற்றியே நடக்கும். இடையே வெட்டவெளி வந்தால் எளிதில் கடக்காது. 1820களிலிருந்து காப்பிக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பின் அதற்காகவும் மலைச்சரிவுகள் மொட்டையடிக்கப்பட்டன. காடு தீவு தீவாகச் சிதறியது. 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என ஆணை பிறந்ததால்தான் உச்சிக் காடாவது மிஞ்சியது எனலாம்.

அக்காடுகளை வெட்டிய கைகள் எவை? தமிழகத்திலிருந்து நடந்தும் கப்பலேறியும் சென்ற நம் உறவுகளின் கைகள். இதில் அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. கத்திதான் அவர்களுடையது, முடிவு துரைமாருடையது. அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் அவர்கள் பட்ட பாடு தனிக்கதை.

நம் மலாக்காவும் இதற்கு விலக்கன்று. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் இரப்பர் பயிரிட்ட பின் இங்கும் காடு தோட்டமாயிற்று. நம் முன்னோர் லயங்களில் குடியேறினர்.

இன்னுமொரு செய்தி. இலங்கை மலைத் தேவாங்கின் அறிவியல் பெயரிலுள்ள 'நிக்டிசெபாய்ட்ஸ்' என்னும் சொல்லுக்கு 'நிக்டிசெபஸைப் போன்றது' என்பது பொருள். அந்த நிக்டிசெபஸ் எங்குள்ளது தெரியுமா? நம் மலேசியக் காடுகளில்! மலாய்க்காரர் 'கொங்காங்' என்பர். ஜாசின் வட்டாரத் தோட்டத்தில் வளர்ந்த என் தந்தையார், விடியலில் பால்மரம் வெட்டப் போகையில் அதனை இருமுறை கண்டதாகக் கூறுவார். அவரும் அதனைத் தேவாங்கு என்றே அழைத்தார்.