வானொலி கேட்ட ஆசிரியரும் படம் பார்த்த பொறியாளரும்

1966ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்துச் செய்தித்தாள்களில் வியப்பான செய்தி ஒன்று வெளிவந்தது. சோவியத் நாடு தன் வடபுலத்தில், எவர்க்கும் அறிவிக்காமல், புதியதோர் ஏவுதளத்திலிருந்து செயற்கைத் துணைக்கோள்களை விண்ணுக்கு அனுப்பி வருகிறது என்பதே அச்செய்தி. அதனைக் கண்டு சொன்னவர் ஒற்றரும் அல்லர், படைத்தலைவரும் அல்லர். கெட்டரிங் என்னும் நடுத்தர ஊரில், கிராமர் ஸ்கூல் ஒன்றில் இயற்பியல் கற்பித்து வந்த ஜெஃப்ரி பெர்ரி என்னும் ஆசிரியர் அவர். கிராமர் ஸ்கூல் என்றதும் அங்கே இலக்கணம் மட்டுமே கற்பிப்பார்கள் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டா. நம் ஊர் உயர்நிலைப் பள்ளி போன்றதுதான் அது.

நானும் நெடுங்காலம் பள்ளியில் உழன்றவன் ஆதலால், பெர்ரியின் கதையைப் படித்தபோது என் மனம் முதலில் தேடியது அவர் பள்ளியின் ஆய்வுக்கூடத்தைத்தான். அங்கே பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு சிற்றலை வானொலிப் பெட்டியும், ஒரு வான்கம்பியும், கடிகாரமும், குறிப்பேடும் இருந்தன. வேதியியல் ஆசிரியரான டெரெக் ஸ்லேட்டர் வானொலிக் கலையில் ஆர்வம் மிக்கவர். இருவரும் 1960இல் சோவியத் துணைக்கோள் ஒன்றின் ஒலியைப் பிடித்துக் கேட்டனர். மாணவர்க்கு டாப்ளர் விளைவை விளக்கிக் காட்டுவதே அப்போது அவர்கள் கருதிய பயன்.

டாப்ளர் விளைவு என்பதை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் ஆகிய சிறு நிலையங்கள் உள்ளன. விரைவு வண்டி அங்கே நில்லாமல் ஊதிக்கொண்டே செல்லும்போது மேடையில் நின்று கேளுங்கள். வண்டி நம்மை நோக்கி வரும்வரை ஊதல் கூர்மையாக இருக்கும். கடந்த கணமே சட்டெனத் தாழ்ந்துவிடும். ஊதியவர் சுருதியை மாற்றவில்லை. வண்டியின் ஓட்டமே மாற்றியது. வினாடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடும் துணைக்கோள் 20 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஒலிபரப்பினால், வானொலியில் கேட்கும் சுருதியும் அவ்வாறே தாழும். எந்த நொடியில் தாழ்கிறதோ, ஏறக்குறைய அந்த நொடியில் அது நமக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 90 நிமிடங்கள் கழித்து அதே கோள் மீண்டும் வரும். அதற்குள் பூமி சுழன்றுவிடுவதால் முன்பு சென்ற வழிக்குச் சற்று மேற்கே தோன்றும். இவ்வாறு நாள்தோறும் நேரங்களை எழுதி வந்தால், கோள் செல்லும் பாதையை மாணவனே தாளில் வரைந்துவிடலாம்.

கெட்டரிங் மாணவர்கள் வரைந்தார்கள். 1966 மார்ச் 17ஆம் நாள் ஏவப்பட்ட காஸ்மாஸ் 112 என்னும் கோள் அவர்கள் கணக்கில் இடறியது. அதுவரை அவ்வகைக் கோள்கள் பூமத்திய ரேகைக்கு 51 அல்லது 65 பாகை சாய்ந்த பாதைகளில் சென்றன. இதுவோ 72 பாகை. அதன் பாதையைப் பின்னோக்கி வரைந்து பார்த்தபோது, வழக்கமான ஏவுதளத்திற்குப் பொருந்தவில்லை. ஆயினும் ஒரு கோட்டைக் கொண்டு ஓர் இடத்தைச் சொல்லிவிட முடியாது. கோட்டின் எந்தப் புள்ளியிலிருந்தும் அது புறப்பட்டிருக்கலாம் அன்றோ? பெர்ரி காத்திருந்தார். அக்டோபரில் காஸ்மாஸ் 129 வேறு சாய்வில் ஏவப்பட்டது. பூமியின் சுழற்சியைக் கழித்து அதன் பாதையையும் வரைந்தார்கள். இரண்டு கோடுகளும் ஆர்க்கேஞ்சல் மாநிலத்தில் பிளெசெட்ஸ்க் என்னும் ஊருக்கு அருகே ஒன்றையொன்று வெட்டின. பத்தாம் வகுப்பு வடிவியல் படித்தவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அமெரிக்க அரசு அவ்விடத்தை முன்னரே அறிந்திருந்தது. 1960 மே முதல் நாள் சுட்டு வீழ்த்தப்பட்ட உளவு விமானம் செல்லத் திட்டமிட்டிருந்த வழியில் பிளெசெட்ஸ்க்கும் ஒன்று. சோவியத் அரசுக்கோ சொல்லவே வேண்டா. ஆக, பகைவர் இருவரும் அறிந்திருந்த ஒன்று இரு நாட்டுக் குடிமக்களுக்கும் தெரியாமல் இருந்தது. அந்தப் பூட்டைத்தான் பள்ளி ஆசிரியர் திறந்தார். சோவியத் அரசு பிளெசெட்ஸ்க் தளத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1983ஆம் ஆண்டில். பதினேழு ஆண்டுகள் கழித்து!

பழைய ஏவுதளத்தின் கதையும் சுவையானது. 1961 ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் புறப்பட்ட இடம் பைக்கனூர் என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மெய்யான இடமோ டியூராடம் என்னும் சிறிய ரயில் நிலையத்தின் அருகில் இருந்தது. பைக்கனூர் அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த சுரங்க ஊர். ஏவுதளத்தை ஒட்டி வளர்ந்த நகருக்கு 1995இல் பைக்கனூர் என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். திசைதிருப்பச் சொன்ன பெயரே நிலைத்த பெயராயிற்று.

இந்த மறைப்பு வெறும் ஊர்ப்பெயரோடு நின்றிருந்தால் நகைத்துவிட்டுப் போகலாம். 1960 அக்டோபர் 24ஆம் நாள் டியூராடத்தில் ஏவுகணை ஒன்று தரையிலேயே வெடித்துப் பலர் எரிந்து மாண்டனர். மாண்டவருள் ஒருவரான மார்ஷல் நெடெலின் விமான விபத்தில் இறந்ததாகவே அறிவித்தார்கள். உண்மை 1989இல்தான் சோவியத் இதழில் அச்சேறியது. திங்களுக்கு மனிதரை அனுப்பச் செய்த என்-1 என்னும் பேருந்துகணை 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவப்பட்டு நான்கு முறையும் அழிந்தது. அதுவும் 1989 வரை வெளியே சொல்லப்படவில்லை. முதல் ஸ்புட்னிக்கை உருவாக்கிய செர்கெய் கரலியோவின் பெயரைக்கூட, அவர் 1966 ஜனவரியில் இறந்த பிறகே அந்நாட்டு மக்கள் செய்தித்தாளில் கண்டனர்.

எங்கள் இளமையில் சோவியத் விண்வெளிச் செய்தி நமக்கு வந்த வழிகள் இரண்டு. ஒன்று, மாஸ்கோ வானொலியின் தமிழ் ஒலிபரப்பு. மற்றொன்று ‘சோவியத் நாடு’ இதழ். அதன் வழவழப்பான தாள் பாடநூல்களுக்கு அட்டை போட மிக உகந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் புத்தகங்கள் விண்வெளி வீரர்களைச் சுமந்தன. படங்கள் அழகியவை, சாதனைகளும் மெய்யானவை, அதில் ஐயமில்லை. ஆனால் அவற்றில் தோல்வி என்று ஒன்றைக் கண்டதாக எனக்கு நினைவில்லை. விடையை மட்டும் எழுதிவிட்டு வழியை எழுதாத மாணவனுக்கு நான் ஒருநாளும் முழு மதிப்பெண் இட்டதில்லை. விண்வெளி அரசுகளுக்கும் என் அளவுகோல் அதுவே.

செய்தி கிடைக்காத இடத்தில் வதந்தி குடியேறும். 1979 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கைலாப் கீழே விழப்போகிறது என்றபோது எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் நிலவிய அச்சத்தை இன்றைய இளைஞர் நம்ப மாட்டார்கள். எந்த வீட்டின் மேல் விழும் என்று சோதிடரிடம் கேட்டவர்களும் உண்டு. 11ஆம் நாள் அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. அமெரிக்கர் முன்கூட்டியே அறிவித்திருந்தும், அதனை எளிய தமிழில் எடுத்துச் சொல்வார் எங்கள் ஊரில் இல்லை.

இனி நம்மவர் ஒருவரின் செயலுக்கு வருவோம். 2019 ஜூலை 22ஆம் நாள் புறப்பட்ட சந்திரயான்-2இன் விக்ரம் என்னும் இறங்கு கலம், செப்டம்பர் 7ஆம் நாள் விடியற்பொழுதுக்கு முன்னர், நிலவின் தரைக்கு 2.1 கிலோமீட்டர் உயரம் வரை சீராக இறங்கியது. பின்னர்த் தொடர்பு அறுந்தது. கலம் இருக்குமிடம் தெரிந்துவிட்டது என்று இந்திய விண்வெளி நிறுவனம் சில நாட்களில் கூறியது. ஆனால் சிதைவின் படம் அப்போது பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை.

செப்டம்பர் 26ஆம் நாள் அமெரிக்காவின் நாசா, நிலவைச் சுற்றிவரும் தன் கலம் அப்பகுதியில் எடுத்த படத்தை எவரும் பார்க்கலாம் என்று வெளியிட்டது. தங்கள் கண்ணுக்கு விக்ரம் தென்படவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னது. சென்னையில் பணியாற்றிய இயந்திரப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அப்படத்தை எடுத்துக்கொண்டார். இரண்டு மடிக்கணினிகளை அருகருகே வைத்து, ஒன்றில் பழைய படத்தையும் மற்றொன்றில் புதிய படத்தையும் விரித்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். பெர்ரியின் குறிப்பேட்டுக்கும் இந்த மடிக்கணினிகளுக்கும் இடையில் அரை நூற்றாண்டு கடந்திருக்கிறது. உட்கார்ந்து பார்க்கும் பொறுமை மட்டும் ஒன்றே. முன்பு இல்லாத ஒற்றை வெண்புள்ளி ஒன்று அவர் கண்ணில் பட்டது. அப்படத்தில் ஒரு புள்ளி என்பது நிலவில் 1.3 மீட்டர். அவர் நாசாவுக்கு எழுதினார்.

நாசா அறிஞர்கள் உடனே ஆம் என்றும் சொல்லவில்லை, குப்பையில் போடவுமில்லை. அக்டோபரிலும் நவம்பரிலும் நல்ல வெளிச்சத்தில் மீண்டும் படம் எடுத்து ஒப்பிட்டனர். டிசம்பர் 2ஆம் நாள் முடிவை அறிவித்தனர்: கலம் மோதிய இடத்திற்கு வடமேற்கே ஏறக்குறைய 750 மீட்டர் தொலைவில் கிடந்த சிதைவுத் துண்டே அவர் கண்டது, முதலில் கண்டவர் சண்முக சுப்பிரமணியன். அறிக்கையில் அவர் பெயரையும் எழுதினர். நம் நிறுவனத் தலைவர் சிவன் அவர்கள், எங்கள் சுற்றுக்கலம் முன்னரே கண்டுவிட்டது என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் கண்டதை நாட்டுக்குக் காட்டியிருந்தால், தமிழ் இளைஞர் ஒருவர் அயல்நாட்டுப் படத்தில் நம் கலத்தைத் தேட வேண்டியிருந்திராது என்பது என் கருத்து.

இரண்டு கதைகளுக்கும் உள்ள வேற்றுமையையும் கருத வேண்டும். பெர்ரிக்கு எந்த அரசும் எதையும் கொடுக்கவில்லை. கோள் தானே எழுப்பிய ஒலியைக் கேட்டார். சண்முக சுப்பிரமணியனுக்கு ஓர் அயல் அரசு தன் படத்தையே கொடுத்தது. பிந்திய வழியில் பலர் பயனடைந்துள்ளனர். 1971 டிசம்பரில் செவ்வாயில் இறங்கி அடங்கிப்போன சோவியத்தின் மார்ஸ்-3 கலத்தினுடையவை எனத் தோன்றும் பகுதிகளை, 2013இல் ரஷ்ய ஆர்வலர்கள் நாசாவின் படங்களில்தான் சுட்டிக்காட்டினர்.

2023இல் நிலைமை சற்று மாறியது. விக்ரம் ஏன் விழுந்தது என்பதை அப்போதைய தலைவர் சோமநாத் அவர்கள் வெளிப்படையாக விளக்கினார்: எஞ்சின்களின் உந்துதல் எதிர்பார்த்ததைவிட மிகுந்தது, பிழைகள் சேர்ந்தன, திருத்திக்கொள்ளும் வேகம் போதவில்லை, இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டர்ச் சதுரம். அடுத்த முறை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் உள்ள பரப்பை ஒதுக்கினர். ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை சந்திரயான்-3 நலமாக இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் எங்கள் விழுப்புரத்துக்காரர். ரயில்வே ஊழியர் ஒருவரின் மைந்தர். அன்று ஊரில் வெடித்த வெடிகளைக் கேட்டவன் நான். நான்கு நாட்களில் நாசாவின் கலமும் அக்கலத்தைப் படம் எடுத்தது.

சந்திரயான்-2இன் சுற்றுக்கலம் அனுப்பிய படங்களையும் அளவீடுகளையும் 2020 டிசம்பர் முதல் நம் நிறுவனமும் இணையத்தில் பொதுமக்களுக்குப் படிப்படியாக வெளியிட்டு வருகிறது. வேண்டுவோர் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டு, திண்டிவனத்தில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே அவற்றை இறக்கிப் பார்க்கலாம்.