ஷினானோ: மரமா, சரிவா?

ஜப்பானின் நகானோ மாகாணத்துக்குப் போய்வருகிறவர்கள் ஆப்பிளோடு ஒரு கதையையும் கொண்டுவருகிறார்கள். கடற்கரையே இல்லாத அந்த மலைநாட்டின் பழம்பெயர் ஷினானோ. ஷினா மரங்கள் நிறைந்த வெளி, அதாவது ‘நோ’, என்பதால் அப்பெயராம். பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் தானிகவா கொத்தோசுகாவைச் சான்றுக்கு இழுப்பார்கள்.

இழுக்கட்டும். அந்த மரம் ஹொக்கைடோ முதல் கியூஷு வரை வளர்கிறது. அதன் பட்டையை உரித்து, சாம்பல் நீரில் வேகவைத்து, நாராகக் கிழித்து, இணைத்து நூலாக்கி நெய்யும் துணிக்கு இன்று பேர்பெற்றவை வடக்கே யமகாத்தா, நீகாத்தா எல்லையோரக் கிராமங்கள். மரம்தான் காரணம் என்றால் பாதி ஜப்பானுக்கு ஷினானோ என்றல்லவா பெயரிட்டிருக்க வேண்டும்?

ஷினானோவை இன்று எழுதும் சீன எழுத்தில் ‘நம்பிக்கை’ என்ற பொருள் இருக்கிறதே என்பார் சிலர். பழம்புராண நூலான கொஜிக்கியில், தோற்றோடிய தெய்வம் தகேமினகத்தா சுவா ஏரியில் ஒடுங்கும் இடத்தைப் புரட்டுக. அங்கே எழுத்தே வேறு. ஊர்ப்பெயர்களுக்கு மங்கல எழுத்திடச் சொல்லி 713இல் அரசாணையே வந்தது. நம்பிக்கை அந்தக் காலத்து ஒப்பனை.

அறிஞர் கமோ நோ மபுச்சி சொன்னதே சரி: ஷினா என்றால் சரிவு, படிப்படியான ஏற்றம். தரம், பண்டம் என்ற பொருள்களில் வழங்கும் ‘ஷினா’வும் இந்தப் படிவரிசையில் கிளைத்ததே. சுற்றுப்புறப் பெயர்களைப் பாருங்கள்: சரஷினா, ஹனிஷினா, தத்தேஷினா. இத்தனைக்கும் மரம் நட்டது யார்?

சரஷினாவின் ஒபாசுத்தேயில் மலைச்சரிவெங்கும் சுமார் 1,500 படிவயல்கள். நடவுக்கு நீர் கட்டினால் வயலுக்கொரு நிலா என்பது பழைய பேச்சு. ஹைக்கூக் கவிஞர் பாஷோ 1688இல் இந்த நிலாவைப் பார்க்கவே நடந்து வந்தார். இங்கே ரயிலும் நேராக ஏறுவதில்லை. நிலையத்துக்குள் நுழைய முன்னும் பின்னுமாகத் தடம் மாறுகிறது. சொல்லாராய்ச்சிக்கு இதைவிட நல்ல உரையாசிரியர் கிடைப்பாரா!

ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு தமிழையும் ஜப்பானியத்தையும் இணைத்த உற்சாகத்தில், நம்மவர் யாரும் ‘சினை’தான் ஷினா என்று கிளம்ப வேண்டாம். மரக்கட்சிக்குக் கிளை முளைத்துவிடும்.

இதே பெயர் கொண்ட ஆற்றின் கதை வேடிக்கை. 367 கிலோமீட்டர் ஓடும் ஜப்பானின் மிக நீளமான ஆறு ஷினானோ. நகானோவுக்குள் அதற்கு அந்தப் பெயரே இல்லை. அங்கே அது சிக்குமா. எல்லை தாண்டி நீகாத்தாவில் இறங்கிய பிறகுதான் ஷினானோ ஆகிறது. மேலேயிருந்து, அந்தச் சரிவு நாட்டிலிருந்து வரும் நீர் என்று கீழே இருந்தவர்கள் இட்ட பெயர் அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.