ஆஸ்திரேலியத் தேர்தல் முடிவைக் கணிப்பது எப்படி? கருத்துக்கணிப்புகள் சறுக்கும் இடங்கள் எவை?

ஆஸ்திரேலியாவில் 2019-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி நடைபெற்ற கூட்டாட்சித் தேர்தலில் தொழிலாளர் கட்சி வெற்றி பெறும் என்று இறுதி நாள்களில் வெளியான முன்னணிக் கருத்துக்கணிப்புகள் அனைத்தும் தெரிவித்தன. பந்தய நிறுவனம் ஒன்று, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள்களுக்கு முன்னரே அக்கட்சியின் மீது பணம் கட்டியவர்களுக்கு வெற்றித் தொகையை வழங்கிவிட்டது. ஆனால் வாக்குகள் எண்ணப்பட்டபோது ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது பிரதமர் ஸ்காட் மோரிசன் தலைமையிலான லிபரல்–நேஷனல் கூட்டணி.

ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர், 2025 மே 3-ஆம் தேதி நடைபெற்ற தேர்தலில் ஆன்டனி அல்பனீஸ் தலைமையிலான தொழிலாளர் கட்சி வெல்லும் எனக் கணிப்புகள் கூறின. அவ்வாறே அக்கட்சி வென்றது. முதல் தேர்தலில் கணிப்பு தோற்றது, இரண்டாவதில் வென்றது என்றே இதைக் கருதத் தோன்றும். எண்களோ வேறு கதையைச் சொல்கின்றன. இரு தேர்தல்களிலும் கணிப்பில் நேர்ந்த பிழை ஏறக்குறைய ஒரே அளவுதான். அந்தப் பிழை எந்தத் திசையில் விழுந்தது என்பதே வேறுபாடு.

ஆஸ்திரேலியத் தேர்தல் முடிவு எவ்வாறு கணிக்கப்படுகிறது, அதில் எங்கெல்லாம் தவறு நேர்கிறது என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

ஆட்சி அமைக்க எத்தனை இடங்கள்?

ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை பெறும் கட்சியே ஆட்சி அமைக்கும். 2025 தேர்தலில் இச்சபையின் இடங்கள் 150. எனவே, பெரும்பான்மைக்கு 76 இடங்கள் தேவைப்பட்டன. சபையின் பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். மக்கள்தொகை மாற்றத்துக்கேற்ப தொகுதிகள் அவ்வப்போது மறுவரையறை செய்யப்படுகின்றன. 2022-இல் 151 தொகுதிகள் இருந்தன. பின்னர் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்கள் தலா ஒரு தொகுதியை இழந்தன. மேற்கு ஆஸ்திரேலியா ஒரு தொகுதியைக் கூடுதலாகப் பெற்றது.

கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்களிப்பது 1924-ஆம் ஆண்டு முதல் கட்டாயம். தக்க காரணமின்றி வாக்களிக்கத் தவறுவோருக்கு அபராதம் விதிக்கப்படுகிறது. பதிவு செய்த வாக்காளர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் வாக்களிக்கின்றனர். கணிப்பாளர்களுக்கு இது ஒரு வசதி. பல நாடுகளில் பெரும் சிக்கலாக விளங்கும், 'வாக்குச்சாவடிக்கு யார் வருவார்கள்?' என்ற கேள்வி இங்குப் பெரிதாக எழுவதில்லை. அதே வேளையில், அரசியலில் ஆர்வம் குன்றியவர்களும் கட்டாயம் வாக்களிப்பார்கள். கருத்துக்கணிப்பாளரின் அழைப்புக்குப் பதிலளிக்க விரும்பாதவர்களும் பெரும்பாலும் அவர்களே.

முதலிடம் பெற்றவர் தோற்பது எப்படி?

இந்திய மக்களவைத் தேர்தலில் அதிக வாக்கு பெற்றவர் வெற்றி பெறுகிறார். ஆஸ்திரேலியாவில் அது போதாது. வாக்காளர், வாக்குச்சீட்டில் உள்ள வேட்பாளர்கள் அனைவருக்கும் 1, 2, 3 என விருப்ப வரிசை இட வேண்டும். கூட்டாட்சித் தேர்தல்களில் 1918 முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது. எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாவிட்டால், கடைசி இடம் பெற்றவர் நீக்கப்பட்டு, அவருடைய வாக்குகள் அவற்றில் குறிக்கப்பட்டுள்ள அடுத்த விருப்பத்தின்படி மற்றவர்களுக்கு மாற்றப்படும். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும்.

விருப்ப வரிசை இந்தியாவுக்கும் புதிதன்று. நமது குடியரசுத் தலைவர் தேர்தல் இவ்வகையிலேயே நடைபெறுகிறது. 1969-இல் முதல் விருப்ப வாக்குகளில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாத நிலையில், இரண்டாம் விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்ட பிறகே வி.வி. கிரி வெற்றி பெற்றார்.

ஓர் எளிய எடுத்துக்காட்டு: நூறு வாக்குகள் உள்ள தொகுதியில் 'அ' 40, 'ஆ' 35, 'இ' 25 வாக்குகள் பெறுகின்றனர். 'இ' நீக்கப்படுகிறார். அவருடைய வாக்காளர்களில் 20 பேர் 'ஆ'-வையும் 5 பேர் 'அ'-வையும் அடுத்த விருப்பமாகக் குறித்திருந்தால், 55 வாக்குகளுடன் 'ஆ' வெற்றி பெறுவார். 2025-இல் மெல்பர்ன் தொகுதியில் நிகழ்ந்தது இதுவே. முதல் விருப்ப வாக்குகளில் முன்னிலை பெற்ற பசுமைக் கட்சித் தலைவர் ஆடம் பேண்ட், மற்ற கட்சிகளின் வாக்குகள் மாற்றப்பட்டபோது தொழிலாளர் கட்சி வேட்பாளரிடம் தோற்றார்.

'இரு கட்சி விருப்ப வாக்கு' என்றால் என்ன?

எல்லா விருப்பங்களையும் பகிர்ந்த பிறகு, நாடு முழுவதும் தொழிலாளர் கட்சிக்கும் கூட்டணிக்கும் இடையே வாக்குகள் எவ்வாறு பிரிகின்றன என்பதைக் காட்டும் எண்ணே 'இரு கட்சி விருப்ப வாக்கு'. ஆஸ்திரேலிய ஊடகங்களில் '52–48' எனத் தலைப்புச் செய்தியாவது இதுதான்.

இந்த எண்ணில் ஓர் ஊகம் அடங்கியுள்ளது. கருத்துக்கணிப்பாளர் நேரடியாகக் கேட்டறிவது முதல் விருப்பத்தையே. சிறிய கட்சிகளின் வாக்குகள் யாருக்குச் செல்லும் என்பதைப் பெரும்பாலும் முந்தைய தேர்தலின் விகிதத்தைக் கொண்டு கணக்கிடுகின்றனர். 2022-இல் பசுமைக் கட்சிக்கு வாக்களித்தவர்களில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கூட்டணியைவிடத் தொழிலாளர் கட்சியை முன்வரிசையில் வைத்தனர். ஒன் நேஷன் கட்சியின் வாக்காளர்களில் சுமார் 64 சதவீதத்தினர் கூட்டணியை முன்வைத்தனர். 2025-இல் இது 74 சதவீதம் அளவுக்கு உயர்ந்தது. இவ்வாறு விகிதம் மாறும்போது, முதல் விருப்பத்தைச் சரியாகக் கணித்தவரும் இறுதி எண்ணில் தவறக்கூடும்.

ஊசல் முறை

வாக்கு சதவீதத்தை இடங்களாக மாற்றுவது அடுத்த கட்டம். இதற்கென அரசியல் ஆய்வாளர் மால்கம் மக்கெராஸ் பரவலாக்கிய வரைபடம், அவர் பெயரால் 'மக்கெராஸ் ஊசல்' என்று அழைக்கப்படுகிறது. ஒரு பக்கம் அரசின் தொகுதிகளும் மறுபக்கம் எதிர்க்கட்சியின் தொகுதிகளும் வெற்றி வித்தியாசத்தின் வரிசையில் அடுக்கப்படும். நாடு முழுவதும் 3 சதவீத வாக்குகள் இடம்பெயர்ந்தால், 3 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்ற தொகுதிகள் கைமாறும் என்பது இதன் கணக்கு.

ஆனால், வாக்குகள் எல்லாத் தொகுதிகளிலும் ஒரே சீராக இடம்பெயர்வதில்லை. 1998-இல் கிம் பீஸ்லி தலைமையிலான தொழிலாளர் கட்சி, இரு கட்சி விருப்ப வாக்கில் 50.98 சதவீதம் பெற்றும் தோற்றது. 148 இடங்களில் 80 இடங்களை வென்று ஜான் ஹோவர்ட் அரசு நீடித்தது. 2022-இல் 52.1 சதவீத வாக்குகள் தொழிலாளர் கட்சிக்கு 77 இடங்களைத் தந்தன. 2025-இல் அது 55.2 ஆக உயர்ந்தபோது 94 இடங்கள் கிடைத்தன. மூன்று புள்ளி உயர்வுக்கு 17 இடங்கள் கூடுதலாகக் கிடைத்தன.

2019: ஒரே பக்கம் சாய்ந்த கணிப்புகள்

2019-இல் இறுதிக் கணிப்புகள் தொழிலாளர் கட்சிக்கு 51 முதல் 52 சதவீதம் வரை அளித்தன. நியூஸ்போல் அமைப்பின் இறுதிக் கணிப்பு 51.5. உண்மையில் அக்கட்சி பெற்றது 48.5. பிழை மூன்று புள்ளிகள்.

சுமார் 1,500 பேரிடம் எடுக்கப்படும் கணிப்பில், இரண்டரை புள்ளி வரை மேலோ கீழோ பிழை இருப்பது இயல்பு. அவ்வாறெனில், சில கணிப்புகள் 49 என்றும் சில 53 என்றும் சிதறியிருக்க வேண்டும். அனைத்தும் ஒரே இடத்தில் குவிந்தது ஏன் என்று நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் பிரையன் ஷ்மிட் தேர்தல் முடிந்த உடனேயே கேள்வி எழுப்பினார். பின்னர் நடைபெற்ற துறைசார் விசாரணையில், அரசியல் ஈடுபாடும் உயர்கல்வியும் மிக்கவர்கள் மாதிரிகளில் அளவுக்கு அதிகமாக இடம்பெற்றிருக்கக்கூடும் எனக் கண்டறியப்பட்டது. செய்முறை விவரங்களை வெளிப்படையாக அறிவிக்கும் நோக்குடன் 2020-இல் ஆஸ்திரேலியக் கருத்துக்கணிப்புக் கவுன்சில் தொடங்கப்பட்டது.

2025: வெற்றியாளர் சரி, அளவு தவறு

2025 பிப்ரவரியில் யூகவ் நிறுவனம் தொகுதிவாரியாக வெளியிட்ட மாதிரிக் கணிப்பில் கூட்டணிக்கு 73 இடங்களும் தொழிலாளர் கட்சிக்கு 66 இடங்களும் கிடைக்கும் எனக் கூறப்பட்டது. தேர்தலுக்குச் சற்று முன் அதே நிறுவனம் வெளியிட்ட கணிப்பில் தொழிலாளர் கட்சிக்கு 84, கூட்டணிக்கு 47 என நிலை மாறியது. இறுதி முடிவு 94–43. எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் தம் சொந்தத் தொகுதியான டிக்சனிலேயே தோற்றார்.

நியூஸ்போலின் இறுதிக் கணிப்பு தொழிலாளர் கட்சிக்கு 52.5 சதவீதம். கிடைத்தது 55.2. பிழை 2.7 புள்ளிகள்; 2019-ஐவிடச் சற்றே குறைவு. முன்னிலையில் இருந்த கட்சிக்குச் சாதகமாகவே பிழை விழுந்ததால் வெற்றியாளர் மாறவில்லை. இதே 2.7 புள்ளி எதிர்த்திசையில் விழுந்திருந்தால், வாக்குகளில் கூட்டணியே முந்தியிருக்கும். எனவே, வெற்றியாளரைச் சரியாகச் சொன்னதா என்பது ஒரு கணிப்பின் தரத்தை அளக்கும் அளவுகோல் ஆகாது. 2022-இல் நியூஸ்போல் 53 என்றது, முடிவு 52.1. மூன்றில் துல்லியமானது அதுவே.

இரு கட்சிக் கணக்கு உடைகிறது

2025-இல் இரு பெரும் அணிகளும் சேர்ந்து பெற்ற முதல் விருப்ப வாக்குகள் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. மீதி, பசுமைக் கட்சி, ஒன் நேஷன், சுயேச்சைகள் உள்ளிட்டோருக்குச் சென்றது. ஊசல் முறை, போட்டி இரு அணிகளுக்கு இடையே மட்டும் நிகழ்வதாகக் கொள்கிறது. 2022-இல் 'டீல்' எனப்படும் நீலப்பச்சை நிறத்தால் அறியப்பட்ட சுயேச்சைகள், லிபரல் கட்சியின் ஆறு நகர்ப்புறத் தொகுதிகளைப் புதிதாகக் கைப்பற்றினர். அவற்றுள் ஒன்று அன்றைய நிதியமைச்சர் ஜோஷ் ஃப்ரைடன்பெர்க்கின் கூயோங். தேசிய அளவிலான ஒற்றை எண் இத்தகைய போட்டிகளைக் காட்டுவதில்லை.

மூன்றாமிடம் யாருக்கு என்பதே முடிவைத் தீர்மானிக்கும் தொகுதிகளும் உண்டு. பிரிஸ்பேனில் 2022-இல் தொழிலாளர் கட்சியும் பசுமைக் கட்சியும் ஏறத்தாழ சமமாக, தலா 27 சதவீத வாக்குகள் பெற்றன. எண்ணிக்கையில் தொழிலாளர் கட்சி மூன்றாமிடத்துக்கு இறங்க, அதன் வாக்குகளால் பசுமைக் கட்சி வென்றது. 2025-இல் பசுமைக் கட்சி மூன்றாமிடத்துக்கு இறங்கியது. தொகுதி தொழிலாளர் கட்சி வசமானது.

பிரதமர்களை மாற்றிய எண்கள்

கருத்துக்கணிப்பு, நடப்பதை ஓரத்தில் நின்று அளப்பதோடு நிற்பதில்லை. 2015 செப்டம்பரில் பிரதமர் டோனி ஆபட்டை எதிர்த்துக் களமிறங்கிய மால்கம் டர்ன்புல், தொடர்ச்சியாக 30 நியூஸ்போல் கணிப்புகளில் அரசு பின்தங்கியதைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறினார். 2018 ஏப்ரலில் அவரது அரசும் 30-ஆவது முறையாகப் பின்தங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவரும் கட்சியினரால் மாற்றப்பட்டு, மோரிசன் பிரதமரானார். இரு பிரதமர்களுக்கு எதிராகப் பயன்பட்ட அதே கணிப்பு, ஒன்பது மாதங்களுக்குப் பின் மோரிசனும் தோற்பார் என்றது, அவர் வென்றார். வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த தலைமையை ஓர் உத்தேச எண் அசைக்க முடியுமென்றால், அந்த எண்ணின் பிழை எல்லையை அறிந்திருப்பது அவசியம்.

வாக்கு எண்ணும் இரவு

வாக்குப்பதிவு உள்ளூர் நேரப்படி மாலை 6 மணிக்கு முடியும். மேற்கு ஆஸ்திரேலியாவில் வாக்குப்பதிவு முடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கிழக்கு மாநிலங்களில் எண்ணிக்கை தொடங்கிவிடும். தேர்தல் ஆணையம் ஒவ்வொரு தொகுதியிலும் இறுதிக்கு வரக்கூடிய இருவரை முன்கூட்டியே தேர்ந்து, விருப்பங்களை அவர்களுக்கிடையே அன்றிரவே உத்தேசமாகப் பிரித்துக் காட்டும். தேர்வு தவறாக அமைந்தால் அக்கணக்கை மீண்டும் செய்ய வேண்டும்.

ஏபிசி ஒளிபரப்பு நிறுவனத்தின் தேர்தல் ஆய்வாளராக நீண்ட காலம் விளங்கிய ஆன்டனி கிரீன் பின்பற்றிய முறை, ஒவ்வொரு வாக்குச்சாவடியின் முடிவையும் அதே சாவடியின் முந்தைய தேர்தல் முடிவுடன் ஒப்பிடுவது. இதனால் சிறிதளவு வாக்குகள் எண்ணப்பட்ட நிலையிலேயே போக்கு புலப்படும். நெருக்கமான போட்டிகளில் அதுவும் போதாது. அஞ்சல் வாக்குகள் வாக்குப்பதிவுக்குப் பின் 13 நாள்கள் வரை ஏற்கப்படுகின்றன. 2025-இல் சிட்னியின் பிராட்ஃபீல்டு தொகுதியில் மறு எண்ணிக்கை முடிந்து, சுயேச்சை வேட்பாளர் 26 வாக்குகளில் வென்றார் என்பது தெளிவாக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

கணிப்புகளை வாசிக்கும்போது கவனிக்க வேண்டியவை

* முன்னிலை 50-ஐ எவ்வளவு தாண்டியுள்ளது என்று பார்க்க வேண்டும். மூன்று புள்ளிக்கும் குறைவெனில் போட்டி முடிந்துவிட்டதாகக் கொள்ள இயலாது.

* விருப்ப வாக்குகள் முந்தைய தேர்தலின் விகிதப்படி பகிரப்பட்டனவா, வாக்காளர்களிடமே கேட்கப்பட்டனவா என்பதை அறிய வேண்டும்.

* பல கணிப்புகள் ஒரே எண்ணைச் சொல்வது உறுதிக்கான சான்று அன்று. அவை ஒரே தவறைச் செய்துகொண்டிருக்கவும் கூடும்.

* வாக்கு சதவீதமும் இடங்களும் வெவ்வேறு. மும்முனைப் போட்டி நிலவும் தொகுதிகளைத் தனியே கவனிக்க வேண்டும்.

* தேர்தலுக்கு மூன்று மாதங்களுக்கு முந்தைய கணிப்பு அன்றைய மனநிலையை மட்டுமே காட்டும்.

அடுத்த கூட்டாட்சித் தேர்தல் 2028-ஆம் ஆண்டுக்குள் நடைபெற வேண்டும். அதற்குள் '51–49', '53–47' எனப் பல எண்கள் வெளிவரும். அவை ஒவ்வொன்றின் பின்னும் மூன்று புள்ளி அளவிலான ஐயம் உண்டு என்பதையே 2019-உம் 2025-உம் ஒருசேர உணர்த்துகின்றன.