ஒரு சிறுமியின் கேள்வி திரைக்கு வந்த வழி

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஈஸ்டர் முயலைத் தெரியுமா?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஷ்ரீவ்போர்ட் என்ற ஊரில் ஒரு சிறுமி தன் அப்பாவிடம் இப்படிக் கேட்டாள். அப்பாவின் பெயர் வில்லியம் ஜாய்ஸ். குழந்தைகளுக்கான படக்கதைகளை எழுதி, படங்களையும் தானே வரைகிறவர். 'டைனோசர் பாப்', 'சாண்டா கால்ஸ்' போன்ற புத்தகங்களால் அந்நாட்டு வீடுகளில் தெரிந்த பெயர் அது. கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது கதைசொல்லியான அப்பாவுக்கு உடனே உறைத்திருக்க வேண்டும். 2012 நவம்பரில் திரைக்கு வந்த 'ரைஸ் ஆஃப் த கார்டியன்ஸ்' என்ற அனிமேஷன் படம், அந்தப் பதிலைத் தேடிப் போன நீண்ட பயணத்தில் ஒரு நிறுத்தம்.

அந்த ஊர்க் குழந்தைகள் நம்பும் உருவங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையிலிருந்து வந்து சேர்ந்தவை. இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரத்தில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் நிக்கோலஸ், பல நாடுகள் சுற்றி, 1823-ல் நியூயார்க் மாநிலத்துச் செய்தித்தாள் ஒன்றில் வெளியான ஒரு கவிதை வழியாக எட்டு மான்கள் பூட்டிய வண்டியில் ஏறிக் கிறிஸ்துமஸ் தாத்தாவானார். 1863 முதல் தாமஸ் நாஸ்ட் வரைந்த ஓவியங்கள் அவருக்குத் தொந்தியும் தாடியும் கொடுத்தன. முட்டை கொண்டுவரும் ஈஸ்டர் முயலைப் பற்றி ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் 1682-லேயே எழுதிவைத்திருக்கிறார். அங்கிருந்து பென்சில்வேனியாவில் குடியேறியவர்களோடு முயலும் கப்பலேறியது. பல் தேவதை இவர்களில் இளையவள், இருபதாம் நூற்றாண்டுக்காரி. விழுந்த பல்லைக் கூரை மேல் எறிவது நம் வழக்கம். அங்கே தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கினால், விடிவதற்குள் தேவதை அதை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போவாள். கண்ணில் மணல் தூவித் தூங்கவைக்கும் சேண்ட்மேன், 1816-ல் ஹாஃப்மன் எழுதிய ஜெர்மன் கதையில் தூங்காத பிள்ளைகளின் கண்களைப் பிடுங்குகிறவன். 1841-ல் ஆண்டர்சனின் கையில் அவனே குடை விரித்துக் கனவு தரும் சாதுவானான். குளிர்காலக் காலையில் ஜன்னல் கண்ணாடியில் இலையும் பூவுமாகப் படரும் உறைபனியை வரைகிறவன் ஜாக் ஃப்ராஸ்ட்.

இவர்களுக்குள் உறவும் கிடையாது, பகையும் கிடையாது. ஆளுக்கொரு இரவு, ஆளுக்கொரு வேலை. ஜாய்ஸுக்கு இது பெரிய குறையாகப் பட்டது. சூப்பர்மேனுக்கு அழிந்துபோன ஒரு கிரகம் இருக்கிறது, பேட்மேனுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்த ஒரு இரவு இருக்கிறது. அவர்கள் கற்பனை என்று குழந்தைக்கே தெரியும். குழந்தை உண்மை என்றே நம்புகிறவர்களுக்கோ எங்கிருந்து வந்தார்கள், ஏன் இந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள் என்ற கதையே இல்லை. அதை எழுதுவது என்று முடிவுசெய்தார். நான் அவரை மதிப்பது இந்த இடத்தில்தான். தமக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கொஞ்சம் மாற்றி வேடிக்கை காட்டுவது எளிது. பிள்ளைகளின் நம்பிக்கைக்கு ஒரு புராணமே நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைப்பதற்கு வேறு மனம் வேண்டும்.

அவர் நிலாவிலிருந்து தொடங்கினார். நிலாவில் இருக்கும் மனிதர் முதலில் ஒரு கைக்குழந்தை. அவர் பெற்றோரின் விண்கப்பல்தான் நிலா. பூச்சாண்டிகளின் தலைவன் பிட்ச் தாக்கியதில் பெற்றோர் போய்விட, தனியாக வளர்ந்த அந்தக் குழந்தை பூமியைப் பார்க்கிறது. அங்குள்ள பிள்ளைகள் இருட்டுக்குப் பயப்படுகிறார்கள் என்று தெரிந்து, அவர்களுக்குக் காவலர்களைத் தேடத் தொடங்குகிறது. 2005-ல் டல்லஸைச் சேர்ந்த ரீல் எஃப்எக்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஜாய்ஸ் இதை 'த மேன் இன் த மூன்' என்ற குறும்படமாக்கினார். முழுநீளப் படம் எடுக்கும் திட்டமும் அப்போதே இருந்தது. அது கைகூடவில்லை.

பிறகு ட்ரீம்வொர்க்ஸ் வந்தது. 'ஷ்ரெக்', 'குங்ஃபூ பாண்டா' எடுத்த நிறுவனம். 2009 நவம்பரில் இயக்குநர், திரைக்கதையாசிரியர் பெயர்கள் வெளியாயின. இயக்குநர் பீட்டர் ராம்சே. 'ஃபைட் கிளப்', 'மைனாரிட்டி ரிப்போர்ட்' போன்ற படங்களுக்கு ஸ்டோரிபோர்டு வரைந்தவர், முழுநீளப் படம் இயக்குவது அதுவே முதல் முறை. பெரிய செலவில் எடுக்கப்படும் கணினி அனிமேஷன் படத்தை இயக்கிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கரும் அவரே. திரைக்கதை டேவிட் லின்ட்சே அபேர். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தம்பதியைப் பற்றிய 'ராபிட் ஹோல்' நாடகத்துக்காக 2007-ல் புலிட்சர் பரிசு பெற்றவர்.

ஜாய்ஸ் முதலில் ராம்சேயோடு இணை இயக்குநராக இருந்தார். அந்தப் பொறுப்பில் அவரால் தொடர முடியவில்லை. கேள்வி கேட்ட மகளுக்கு மூளையில் கட்டி. 2010-ல், பதினெட்டு வயதில், அவள் இறந்துபோனாள். அப்பா இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து நிர்வாகத் தயாரிப்பாளராக மட்டும் இருந்தார். ராம்சே தனியாக இயக்கினார்.

ஒரு கதையின் பயணத்தில் இப்படி ஒன்று நடந்தபின் அது பழைய கதையாக இருக்க முடியாது. யாருக்காகச் சொல்லத் தொடங்கினாரோ அவளே இல்லை. ஆனாலும் ஜாய்ஸ் நிறுத்தவில்லை. 2011-ல் 'த கார்டியன்ஸ் ஆஃப் சைல்டுஹுட்' வரிசையில் புத்தகங்கள் வரத் தொடங்கின. நிலா மனிதருக்கு ஒன்று, நிக்கோலஸ் செயிண்ட் நார்த் என்று பெயர் மாறிய கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஒன்று, பிறகு முயலுக்கு, பல் தேவதைக்கு, சேண்ட்மேனுக்கு. புத்தகங்களில் நடப்பது பழங்காலம். படத்தில் நடப்பது பல நூற்றாண்டு கழித்து, நம் காலத்தில். புத்தகம் மாதிரி படம் இல்லையே என்று எந்தப் பிள்ளையும் ஏமாறக்கூடாது என்பதற்காகவே ஜாய்ஸ் இப்படிப் பிரித்துவைத்தார்.

அந்தப் புத்தகங்களில் பிட்ச்சுக்கு ஒரு முன்கதை உண்டு. அவன் முன்பு ஒரு தளபதி, கெட்ட ஆவிகள் அடைபட்ட சிறைக்குக் காவலன். மகள்மேல் உயிர். ஒருநாள் சிறைக்கதவுக்கு உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்கிறது. அவள்தான் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்துக் கதவைத் திறக்கிறான். உள்ளே மகள் இல்லை. அவள் குரலில் பேசிய ஆவிகள் அவனைப் பிடித்துக்கொள்கின்றன. உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் பயமுறுத்தும் பூச்சாண்டி, மகளைக் காப்பாற்ற ஓடிய ஒரு அப்பா. இதை எழுதியவர் யார் என்று தெரிந்து படிக்கும்போது அந்தக் கதவைக் கடந்து போக எனக்கு நேரமாகிறது.

படம் வெளியான அதே 2012-ன் பிப்ரவரியில் ஷ்ரீவ்போர்ட்டிலிருந்த தம்முடைய மூன்பாட் ஸ்டூடியோவில் எடுத்த 'த ஃபென்டாஸ்டிக் ஃப்ளையிங் புக்ஸ் ஆஃப் மிஸ்டர் மாரிஸ் லெஸ்மோர்' குறும்படத்துக்காக ஜாய்ஸும் பிராண்டன் ஓல்டன்பர்க்கும் ஆஸ்கர் வாங்கினார்கள். கார்டியன்ஸ் படத்தின் மேலிருந்த எதிர்பார்ப்பு இதனாலும் ஏறியது. சேர்ந்திருந்த ஆட்களும் அப்படிப்பட்டவர்கள். 'பேன்ஸ் லேபிரிந்த்' எடுத்த கியெர்மோ டெல் டோரோ நிர்வாகத் தயாரிப்பாளர். ஒளிக்கு ஆலோசகர் ரோஜர் டீக்கின்ஸ். இசை அலெக்சாண்டர் டெஸ்ப்ளா. ஜாக் ஃப்ராஸ்டுக்குக் கிறிஸ் பைன், பிட்ச்சுக்கு ஜூட் லா, முயலுக்கு ஹ்யூ ஜாக்மன் குரல் கொடுத்தார்கள். சேண்ட்மேனுக்குக் குரலே இல்லை. சொல்ல நினைப்பதைத் தலைக்கு மேல் பொன்மணலில் உருவம் உருவமாகக் காட்டுவார்.

டிரெய்லர் வந்தபோது காத்திருந்தவர்கள் பார்த்தது என்ன? இரண்டு கைகளிலும் பச்சை குத்தி, இரட்டை வாள் சுழற்றும் ரஷ்யத் தாத்தா. ஆறடி உயரத்தில் பூமராங் வீசும் ஆஸ்திரேலிய முயல். அந்த வருடம் மே மாதம்தான் 'அவெஞ்சர்ஸ்' வெளியாகியிருந்தது. பண்டிகைகளின் அவெஞ்சர்ஸ் என்று ஊரே எதிர்பார்த்ததில் வியப்பில்லை. விளம்பரம் அதைத்தான் கேட்டது. என் வருத்தம் அதில்தான். வாளும் பூமராங்கும் இந்தப் படத்தின் மேல்தோல். அதை மட்டும் காட்டி அழைத்ததால், துக்கத்தையும் தனிமையையும் குழந்தைகளிடம் இவ்வளவு நேராகப் பேசும் படம் வருகிறது என்று எந்தப் பெற்றோருக்கும் தெரியாமல் போனது.

படத்தின் நாயகன் ஜாக் ஃப்ராஸ்ட். முந்நூறு வருடங்களுக்கு முன் உறைந்த குளத்திலிருந்து நிலா அவனைத் தூக்கி எடுக்கிறது. பெயரைச் சொல்கிறது. அதற்குமேல் பேசுவதில்லை. எழுந்து ஊருக்குள் போகிறான். எதிரே வரும் ஆள் அவன் உடம்பை ஊடுருவி நடந்துபோகிறார். யாரும் அவனை நம்புவதில்லை, ஆகவே யாருக்கும் அவன் தெரிவதில்லை. குளிர் கொடுக்கிறான், பள்ளிக்கு விடுமுறை விடவைக்கிறான், பிள்ளைகளோடு பனிப்பந்து எறிகிறான், ஆனால் நன்றி வேறு யாருக்கோ போகிறது. தான் யார் என்று நிலாவிடம் கேட்டுக்கேட்டுச் சலித்துப்போனவன்.

ஜாய்ஸின் கற்பனை பல் தேவதையிடம் மிக அழகாக வேலை செய்கிறது. அவள் பல்லைச் சேர்ப்பது காசு கொடுக்க அல்ல. ஒவ்வொரு பால் பல்லிலும் அந்தக் குழந்தையின் நினைவுகள் இருக்கின்றன. வளர்ந்தபின் மறந்துபோகும்போது திருப்பிக் கொடுப்பதற்காக அவள் காத்துவைத்திருக்கிறாள். ஜாக்கின் பற்களும் அங்கே இருக்கின்றன. அவன் தன் நினைவை மீட்கும்போது தெரிவது ஒரு தங்கை. குளத்தின் மெல்லிய பனித்தட்டில் நிற்கிறாள், காலடியில் விரிசல். பயப்படாதே, விளையாடலாம் என்று சொல்லித் தன் தடியால் அவளை இழுத்துக் கரைப்பக்கம் தள்ளுகிறான். தள்ளிய வேகத்தில் அவன் இருந்த இடம் உடைகிறது. தங்கை பிழைத்தாள், அண்ணன் தண்ணீருக்குள் போனான். மகளை இழந்தவர் தொடங்கிய கதைக்கு, பிள்ளையை இழந்தவர்களைப் பற்றி நாடகம் எழுதியவர் செய்த திரைக்கதை இது. குழந்தைகள் படத்தில் நாயகன் இறந்துபோன ஒரு பையன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறார்கள். பயத்தோடு நிற்கும் ஒரு குழந்தைக்கு அவன் கடைசியாகக் கொடுத்தது ஒரு விளையாட்டு.

இன்னொரு காட்சி. ஈஸ்டர் முட்டைகள் எல்லாம் உடைந்து, உலகத்தில் நம்புகிற பிள்ளை ஜேமி என்ற ஒருவன் மட்டும் மிச்சம். இரவில் தன் முயல் பொம்மையிடம் ஒரே ஒரு அடையாளம் காட்டும்படி கெஞ்சுகிறான். பொம்மை அசையவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜாக், ஜன்னல் கண்ணாடியில் உறைபனியால் ஒரு முட்டை வரைகிறான், பிறகு முயல் ஒன்றை வரைந்து அறைக்குள் ஓடவிடுகிறான். பையன் முதல்முறையாக அவன் பெயரைச் சொல்கிறான். அவனுக்கு ஜாக் தெரிகிறான். ஜன்னலில் பனிப்பூ வரைவதே ஜாக் ஃப்ராஸ்டின் பழைய தொழில். புதிதாக எதையும் ஒட்டவைக்காமல், நாட்டார் நம்பிக்கையில் இருந்த அந்த ஒரு செயலையே கதையின் திருப்பமாக்கியதை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. நடுப்பகுதி ஓட்டமும் சண்டையுமாக மூச்சு விடாமல் போகிறது. பிட்ச்சின் மகள் கதை படத்துக்குள் வரவேயில்லை. ஆனால் அண்டார்டிகாவில் பிட்ச் ஜாக்கிடம், நானும் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்தவன்தான் என்று பேசும் இடம் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது.

2012 நவம்பர் 21 அன்று அமெரிக்காவில் படம் வெளியானது. அதே நாளில் வெளியான இன்னொரு படம் 'லைஃப் ஆஃப் பை'. புதுச்சேரியில் தொடங்கும் கதை, அங்கேயே ஒரு பகுதி படமாக்கப்பட்டது. குழந்தைப் பருவத்து நம்பிக்கையைப் பற்றி ஒரே நாளில் இரண்டு படங்கள். 14.5 கோடி டாலர் செலவில் எடுத்த 'ரைஸ் ஆஃப் த கார்டியன்ஸ்' உலகெங்கும் 30 கோடி டாலருக்குச் சற்று மேல் வசூலித்தது. அது போதவில்லை. வசூலில் பாதியளவு திரையரங்குகளுக்கே போய்விடும், விளம்பரச் செலவு தனி. 2013 பிப்ரவரியில் ட்ரீம்வொர்க்ஸ் 350 பேரை வேலையிலிருந்து குறைப்பதாக அறிவித்தது. இந்தப் படத்தின் நஷ்டமும் அதற்கு ஒரு காரணம். வருடக்கணக்கில் பனியையும் மணலையும் திரையில் உயிர்ப்பித்த கலைஞர்கள் இருந்த இடத்தில் இது நடந்தது என்பதை நினைக்கும்போது, வசூல் என்ற அளவுகோலின்மேல் கோபமே வருகிறது. இரண்டாம் பாகம் வரவில்லை.

படத்தின் முடிவில் ஜாய்ஸின் மகளுக்கு அர்ப்பணிப்பு வருகிறது.

திரையரங்குகளை விட்டுப் போனபிறகுதான் படம் தன் ஆட்களைக் கண்டுபிடித்தது. வீட்டில் பார்த்த பிள்ளைகளும், பிள்ளைப் பருவத்தைக் கடந்துகொண்டிருந்த இளையவர்களும் ஜாக் ஃப்ராஸ்டைத் தங்களவனாக எடுத்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான ஓவியங்கள், தொடர்கதைகள். படம் வெளியான அடுத்த வருடம் 'ஃப்ரோசன்' வந்ததும் அதன் நாயகி எல்சாவையும் அவனையும் ஒரே கதையில் சேர்த்து எழுதினார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவும் ஈஸ்டர் முயலும் சந்தித்தால் என்ன என்று கேட்ட அதே குணம். ராம்சே 'ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்' படத்தை இயக்கிய மூவரில் ஒருவராகி 2019-ல் ஆஸ்கர் வாங்கினார். ஜாய்ஸ் 2018-ல் ஜாக் ஃப்ராஸ்ட் நாவலோடு புத்தக வரிசையை முடித்தார்.

இரண்டாம் பாகத்துக்காக இன்றும் காத்திருப்பவர்களில் நானும் ஒருவன். வந்தால் பல் தேவதையிலிருந்து தொடங்கட்டும். புத்தகத்தில் அவள் பெயர் டூதியானா. ஒரு மகாராஜாவிடம் அடிமையாக வேட்டைக்குப் போன ஹரூம் என்பவனுக்கும், பறக்கும் பெண்களில் ஒருத்தியான ரஷ்மிக்கும் பிறந்தவள், யானைகள் உலவும் காட்டில் வளர்ந்தவள். படத்தில் அவளுக்கு இறகும் சுறுசுறுப்பும் கிடைத்தன, ஊரும் தாய்தகப்பனும் கிடைக்கவில்லை. அந்தக் காட்டையும், அவளுடைய அப்பா அம்மாவையும், கதவைத் திறந்த அந்தத் தளபதியையும் திரையில் பார்க்க வேண்டும்.