ஜன்னல் உடைக்கும் பையன்

1921-இல் வந்த 'தி கிட்' படத்தில் பையன் கல்லெறிந்து ஜன்னலை உடைக்கிறான். பின்னாலேயே கண்ணாடிகளை முதுகில் சுமந்தபடி சாப்ளின் வருகிறார். வயிற்றுப்பாட்டுக்கு அப்படியொரு தொழில்! போர்வையின் ஓட்டைக்குள் தலையை நுழைத்து, அதையே அங்கியாக்கிக்கொள்ளும் இடத்தில் எத்தனை முறை பார்த்தாலும் சிரித்துவிடுவேன். அனாதை விடுதிக்காரர்கள் பையனைப் பறித்து வண்டியில் ஏற்றும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். அது வெறும் கற்பனையல்ல. ஏழு வயதில் லண்டன் லாம்பெத் ஏழைகள் விடுதிக்குப் போய், தாயைப் பிரிந்தவர் சாப்ளின்.

பையனாக நடித்த ஜாக்கி கூகனின் கதை இன்னும் கொடுமை. அவர் சம்பாதித்ததையெல்லாம் தாயும் மாற்றாந்தந்தையும் கரைத்துவிட்டார்கள். 1938-இல் வழக்குப் போட்டார். கைக்கு வந்தது சொற்பம். அடுத்த ஆண்டே, குழந்தை நடிகர்களின் வருமானத்தில் ஒரு பங்கைப் பாதுகாக்கக் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. கூகன் சட்டம் என்றே அதற்குப் பெயர்.