பொத்தான் மின்கலமும் அதன் மூடியும்: ஒரு சிறு வரலாறு

நீராவிப் பொறிக்கும் கணினிக்கும் வரலாறு எழுதியோர் பலர். ஒரு மூடிக்கு வரலாறு எழுதத் துணிந்தோர் சிலரே. ஆயினும், தொலையியக்கி, எடைகாட்டி, தீபாவளிக் கடைகளில் விற்கும் மின் அகல்விளக்கு ஆகியவற்றின் அடியில் உள்ள சிறு மூடி, உயிரோடு தொடர்புடைய பொருளாகும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கரான சாமுவேல் ரூபன் போர்க் கருவிகளுக்கெனப் பாதரச மின்கலத்தை உருவாக்கினார். அவ்வகைச் சிறு மின்கலங்கள் பின்னர்ச் செவித்துணைக் கருவிகளிலும் கடிகாரங்களிலும் இடம்பெற்றன. 1970களில் லித்தியம் மின்கலங்கள் சந்தைக்கு வந்தன. இன்று பரவலாக வழங்கும் சிஆர் 2032 என்பது 20 மில்லிமீட்டர் குறுக்களவும் 3.2 மில்லிமீட்டர் தடிப்பும் 3 வோல்ட்டு மின்னழுத்தமும் உடையது. அதன் பெயரிலேயே அதன் அளவு பொதிந்துள்ளது.

அந்த அளவே தீங்கிற்கும் காரணமாயிற்று. சிறு குழந்தை அதனை விழுங்கினால், அது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளக்கூடும். ஈரமான தசையின் வழியே மின்னோட்டம் பாய்கிறது. எதிர்முனையை ஒட்டிக் கடுங்காரம் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்திற்குள் தசை வெந்துபோகலாம். மின்கலம் உடைந்து கசிய வேண்டுமென்பதில்லை. கருவியை இயக்கும் வலுவை இழந்த மின்கலத்திலும் இத்தீங்கை விளைவிக்கப் போதிய மின்னழுத்தம் எஞ்சியிருக்கும்.

மருத்துவர் டோபி லிட்டோவிட்ஸ் குழுவினர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு 8,648 நிகழ்வுகளை ஆராய்ந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விழுங்கிய மின்கலங்களுள் 61.8 விழுக்காடு, குழந்தை தானே கருவியிலிருந்து எடுத்தவை என்பது அதன் முடிவு. அதுவரை பெற்றோரின் கவனக்குறைவு எனக் கருதப்பட்டது, பெரும்பகுதி வடிவமைப்பின் குறையே என்பது இதனால் தெளிவாயிற்று.

தீர்வுக்கான சிந்தனை முன்னரே மருந்துப் புட்டிகளில் தோன்றியிருந்தது. கனடாவின் வின்சர் நகரில் குழந்தை மருத்துவர் ஹென்றி பிரோவின் முயற்சியால், 1967ஆம் ஆண்டில் அழுத்தித் திருகும் மூடி உருவாயிற்று. அழுத்துதலும் திருகுதலும் தனித்தனியே எளியவை. இரண்டையும் ஒருங்கே செய்வது சிறு குழந்தைக்கு அரிது. அமெரிக்கா 1970ஆம் ஆண்டில் நச்சுத் தடுப்புப் பொதியச் சட்டத்தை இயற்றியது.

இதே கொள்கை மின்கல அறைக்கும் வந்தது. அறையைத் திருப்புளியோ நாணயமோ போன்ற கருவி கொண்டு திறக்க வேண்டும். அல்லது தனித்தனியான இரு கை அசைவுகளை ஒரே நேரத்தில் செய்தால்தான் அது திறக்க வேண்டும். திருகாணி கழன்றாலும் மூடியை விட்டு விழலாகாது. விழுந்தால் தொலையும், தொலைந்தால் மூடி பூட்டப்படாமலே கிடக்கும். கருவி கீழே விழுந்தாலும் நசுங்கினாலும் மின்கலம் வெளிவராமையைச் சோதனையால் உறுதிசெய்ய வேண்டும்.

ஆஸ்திரேலியா 2020ஆம் ஆண்டு டிசம்பரில் இதற்கான கட்டாயத் தரநிலைகளை அறிவித்து, 2022 ஜூன் 22 முதல் நடைமுறைப்படுத்தியது. டெக்சாஸில் பதினெட்டு மாதக் குழந்தை ஒன்று இறந்ததையடுத்து, அக்குழந்தையின் பெயரிலேயே அமெரிக்கா 2022 ஆகஸ்டில் ரீஸ் சட்டத்தை நிறைவேற்றியது. மலேசியாவில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2009ஆம் ஆண்டில் விளையாட்டுப் பொருள்களுக்கான பாதுகாப்புத் தர விதிகள் வகுக்கப்பட்டன. தொலையியக்கியும் எடைகாட்டியும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. அவற்றைக் குழந்தை விளையாட்டுப் பொருளாகவே காண்கிறது என்பதுதான் சிக்கல்.

மெர்சிங் மக்களுக்கு இவ்வரலாறு தொலைவானதன்று. ஊரில் மாவட்ட மருத்துவமனை உண்டு. எனினும் ஜொகூர் பாரு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் அப்பால் உள்ளது. தீவுகளில் வாழ்வோர் முதலில் கடலைக் கடக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் அப்பயணமும் தடைப்படும். இரண்டு மணி நேரமே அவகாசமெனில், பெரிய மருத்துவமனைக்கு எட்டத்தில் இருப்பவருக்கு நல்ல மூடியே முதல் மருத்துவம் ஆகிறது.

மொழிக்கும் இதில் பங்குண்டு. 'பொத்தான்' என்னும் சொல் போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்து சட்டையில் தங்கிய சொல். 'நாணயம்' கையில் புழங்கும் பொருள். இரண்டும் அச்சமூட்டாத பெயர்கள். அதுபோலவே, 'குழந்தை திறக்க முடியாத மூடி' என்று எழுதுவது பிழையான உறுதிமொழி. அமெரிக்காவின் மருந்துப் புட்டிச் சோதனையில், நாற்பத்திரண்டு முதல் ஐம்பத்தொரு மாத வயதுக் குழந்தைகளுள் 80 விழுக்காட்டினர், திறக்கும் முறையைக் காட்டிய பின்னும் திறவாதிருந்தால் போதும். எஞ்சியோர் திறக்கக்கூடும். எனவே 'குழந்தை திறத்தற்கு அரிய மூடி' என்பதே பொருந்தும் தொடர்.

ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை வகுப்பில் விளக்கலாம். மாணவர்கள் வீடு சென்று, திருகாணி இல்லாத மின்கல அறைகளைத் தேடிப் பெற்றோரிடம் காட்டலாம். குழந்தை மின்கலத்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தால், அறிகுறிக்குக் காத்திராமலும் வாந்தியெடுக்கச் செய்யாமலும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மூடி காலத்தைப் பெற்றுத் தரும். அக்காலத்தைக் காப்பவர் பெரியவரே.