எந்த எண்ணெய் என்று எழுதாமல் விட்டால்

போன வாரம் வீட்டுத் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட உட்கார்ந்தேன். மெஷின் எண்ணெய்ப் புட்டி காலி. "நல்லெண்ணெய் நாலு சொட்டு விட்டால் என்ன?" என்றாள் மருமகள். "வேண்டாம்மா, அதற்காக ஒரு முறை காது திருகப்பட்டவன் நான்" என்றேன். அவள் சிரித்தாள். அந்தக் கதையையும், அதை ஒட்டி ஞாபகம் வந்த பெரிய கதைகளையும் இங்கே எழுதுகிறேன்.

என் பெரியப்பா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனாவில் இருந்துவிட்டு, பென்ஷனோடு திரும்பியவர். அவரிடம் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அந்த நாளில் ஊசுட்டேரிப் பக்கம் வாத்து சுடப் போவார்கள். அப்போது அதற்குத் தடைச்சட்டம் கிடையாது.

எனக்குப் பத்து வயதிருக்கும். பெரியப்பா ஊரில் இல்லாத நேரம், அவருக்கு உதவி செய்வதாக நினைத்து, துப்பாக்கி முழுக்க நல்லெண்ணெய் பூசி, அது மடியும் இடத்திலும் தாராளமாக விட்டு வைத்தேன். பள்ளபளவென்று இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவர் எடுத்தபோது எண்ணெய் பிசினாகிவிட்டிருந்தது. குதிரை அசையவில்லை. காது திருகல் அதற்குத்தான்.

திருகிய பிறகு சொல்லியும் கொடுத்தார். வித்தெண்ணெய் காற்றுப் பட்டால் மெல்ல மெல்ல இறுகும். இரும்பு அசையும் இடத்துக்கு மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய்தான் ஏற்றது. சுட்டு முடித்தால் முதலில் குழலுக்குள் கொதிக்கும் தண்ணீர். அது காய்ந்த பிறகு துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு. "தபோர் லோ, அப்ரே லுவீல்" என்பார். முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய். துருப்பிடிக்கும் இரும்பில் போய் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று எனக்கு அப்போது வியப்பு.

காரணம் பிறகு படித்துத்தான் தெரிந்தது. தோட்டாவின் அடியில் ஒரு சிறு கேப்பு இருக்கும். அந்தக் காலத்துக் கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் என்ற பொருள் சேர்த்திருந்தார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் கேப்பிலும் அதுதான். வெடித்த பின் அது குழலுக்குள் ஒருவித உப்பாகப் படியும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரே இரவில் துரு ஏறிவிடும். இந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். மேலே எவ்வளவு உயர்ந்த எண்ணெய் பூசினாலும் உப்பு அடியிலேயே இருக்கும். ஜெர்மனியில் 1928-ல் துருப்பிடிக்க வைக்காத கேப்பு வந்தது. ஆனாலும் பல பட்டாளங்கள் பழைய வகையை இன்னும் பல வருஷங்களுக்கு விடவில்லை. பெரியப்பாவின் சுடுதண்ணீர் வைத்தியம் பட்டாளத்தில் கற்றது.

எண்ணெயின் சரித்திரத்தில் நம் பக்கத்துப் பெயர் ஒன்றும் உண்டு. முன்பெல்லாம் திமிங்கில எண்ணெய், மாட்டுக்கால் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் என்று துப்பாக்கிக்குப் பூசிப் பார்த்தார்கள். நாளானால் காறும், இல்லையென்றால் பிசினாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் பட்டாளத்தில் 'ரங்கூன் எண்ணெய்' என்று ஒன்று புழங்கியது. பர்மாவின் மண்ணெண்ணெய்க் கிணறுகளால் வந்த பெயர். பட்டாளத் துப்பாக்கியின் கட்டையில் ஒரு குழி விட்டு, அதற்குள் சிறிய எண்ணெய்ப் புட்டியும், குழலைத் துடைக்கும் கயிறும் வைத்திருப்பார்கள். 1903-ல் அமெரிக்காவில் ஹாப்பீஸ் நம்பர் 9 என்ற கழுவும் திரவம் வந்தது. அடுத்த வருஷம் ஜெர்மனியில் பாலிஸ்டால் வந்தது. இரண்டும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. கழுவுவது ஒரு வேலை, வழுவழுப்பு தருவது இன்னொரு வேலை, துரு ஏறாமல் காப்பது மூன்றாவது வேலை. மூன்றையும் ஒன்றாக நினைக்கும்போதுதான் தவறு நேர்கிறது.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, சர்க்கார் உத்தியோகத்தில் ஸ்டோர் பிரிவில் உட்காரும் வரை. முதல் வருஷம் டைப்ரைட்டர்களுக்காக இண்டென்ட் எழுதினேன். 'எண்ணெய்' என்று மட்டும் எழுதி, எந்த எண்ணெய் என்று எழுதாமல் விட்டேன். மேலே இருந்தவர்களும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். குறைந்த விலை கேட்டவர் கெட்டியான எண்ணெயைக் கொண்டுவந்து இறக்கினார். ஒரே மழைக்காலத்தில் பாதி மெஷின்களில் எழுத்துக்கள் மேலே போனால் கீழே வரவில்லை. டைப்பிஸ்ட் அம்மாக்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் 1857-ஐப் பற்றிப் படித்தபோது என் கண் வேறு இடத்தில் நின்றது.

கொழுப்புத் தடவிய தோட்டா விவகாரம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏன் கொழுப்பு தடவ வேண்டியிருந்தது? புதிதாக வந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் திருகுபோல வரிப்பள்ளம் வெட்டியிருக்கும். குண்டை வாய்ப்பக்கத்திலிருந்து இடித்து இறக்க வேண்டும். பழைய கருமருந்து நாலைந்து தடவை சுட்டாலே குழலுக்குள் கெட்டியான கசடு படியும். அதற்குப் பிறகு குண்டு இறங்காது. ஆகவே குண்டைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்பும் தேன்மெழுகும் தடவினார்கள். அது குண்டை வழுக்கிக்கொண்டு இறக்கும், கசடையும் இளக்கும். சிப்பாய் அந்தத் தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்டவேண்டும். அங்கேதான் வந்தது வினை.

1853-லேயே இந்தத் தோட்டாக்கள் இந்திய வெயிலைத் தாங்குமா என்று பார்க்க இங்கிலாந்திலிருந்து வந்திருந்தன. அந்த வருஷம் டிசம்பரில் வங்காளப் பட்டாளத்தின் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்த கர்னல் டக்கர், ராணுவ வாரியத்துக்கு எழுதினார். தடவியிருக்கும் கொழுப்பு சிப்பாய்களின் சாதி, மத உணர்ச்சியைப் புண்படுத்தாதது என்று நிச்சயமாகும் வரை அவற்றை அவர்களுக்குக் கொடுக்கவேண்டாம் என்பது அதன் சாரம். கடிதம் கோப்பில் சேர்ந்தது. அதோடு சரி. நாற்பது வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். அந்தக் கோப்பு எப்படித் தூங்கியிருக்கும் என்று எனக்குக் கண்ணால் பார்த்ததுபோல் தெரியும்.

பிறகு கல்கத்தா வில்லியம் கோட்டையிலேயே தோட்டா செய்தார்கள். கொழுப்புக்குக் கான்ட்ராக்ட் கொடுத்தார்கள். அதில் எந்த மிருகத்தின் கொழுப்பு என்று குறிக்கவில்லை. ஆட்சேபத்துக்குரிய கொழுப்பு சேராமலிருக்கத் தனிக் கவனம் எடுக்கவில்லை என்று பீரங்கித் தளவாட அதிகாரியே பின்னால் ஒப்புக்கொண்டார். நான் எழுதிய இண்டென்டைப் போலவேதான். எனக்கு டைப்ரைட்டர் நின்றது, அவர்களுக்கு ராஜ்ஜியமே ஆடியது.

1857 ஜனவரியில் டம்டம்மில் வதந்தி கிளம்பியது: பசுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு. இந்துவுக்கும் ஆகாது, முஸ்லிமுக்கும் ஆகாது. அந்த மாதக் கடைசியிலேயே சர்க்கார் விழித்துக்கொண்டு, தோட்டாவைக் கொழுப்பில்லாமல் கொடுக்கலாம், சிப்பாய்கள் தங்களுக்குப் பிடித்த எண்ணெயையோ மெழுகையோ தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டது. நல்ல உத்தரவுதான். மூன்று வருஷத்துக்கு மேல் தாமதம். அதற்குள் சந்தேகம் கொழுப்பை விட்டுக் காகிதத்துக்குத் தாவிவிட்டது. காகிதம் பளபளக்கிறதே, அதிலும் ஏதோ இருக்கிறது என்றார்கள். மார்ச் 29-ல் பராக்பூரில் மங்கள் பாண்டே. ஏப்ரல் 24-ல் மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று கொடுத்தது பழைய வகைத் தோட்டா என்பதுதான் வேதனை. மே 10-ல் மீரட் பற்றிக்கொண்டது.

அயோத்தி ராஜ்ஜியத்தைப் பிடுங்கிக்கொண்டது, சம்பளக் குறை, கடல் கடந்து போகச் சொன்னது என்று மனக்குமுறல் பல இருந்தன. கொழுப்பு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். காய்ந்த வைக்கோல் ஏற்கெனவே குவிந்திருந்தது. ஆனால் நெருப்புக்குச்சி ஒரு கான்ட்ராக்டில் எழுதாமல் விட்ட வார்த்தை.

நூறு வருஷம் கழித்து மனிதர்கள் திருந்திவிட்டார்களா? பெரியப்பா விட்டுவந்த அதே வியட்நாமுக்கு அமெரிக்கர்கள் எம்-16 என்ற புதுத் துப்பாக்கியோடு போனார்கள். அதற்கு அதிகம் சுத்தம் செய்யத் தேவையில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. சுத்தம் செய்யும் சாமான்களும் போதுமான அளவு கொடுக்கவில்லை, பயிற்சியும் போதவில்லை. நடுவில் தோட்டாவின் மருந்து வகையை வேறு மாற்றிவிட்டார்கள், கசடு கூடியது. குழலின் அடியறைக்குக் குரோமியம் பூசவில்லை. அந்த நாட்டு ஈரத்தில் அது அரித்தது. சுட்ட தோட்டாக்கூடு வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. துப்பாக்கியைப் பிரித்துப்போட்டபடியே இளைஞர்கள் செத்துக் கிடந்ததாக ஒரு வீரன் எழுதிய கடிதம் 1967-ல் அந்த நாட்டுக் காங்கிரஸ் வரை போனது. விசாரணைக் குழு அதே வருஷம் அதிகாரிகளைக் கடுமையாகக் கண்டித்தது. குரோமியம் பூசினார்கள், சுத்தம் செய்யும் சாமான்கள் கொடுத்தார்கள், 1968-ல் படக்கதை வடிவிலேயே ஒரு பராமரிப்புக் கையேடு போட்டார்கள். வரைந்தவர் பிரபல ஓவியர் வில் ஐஸ்னர்.

செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தூரிகை, ஒரு முழம் துணி, ஒரு சின்னப் புட்டி எண்ணெய். அதைத் தீர்மானிப்பவன் எங்கோ மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருக்கிறான். அது தவறினால் உயிரைக் கொடுப்பவன் சேற்றில் நிற்கிறான்.

பெரியப்பாவின் துப்பாக்கியைப் பின்னாளில் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டோம். கொடுக்கும் முன் ஒருமுறை குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு புள்ளி துரு இல்லை.

மருமகள் கடைக்குப் போய் மெஷின் எண்ணெய் வாங்கிவந்தாள். நான்தான் சீட்டு எழுதிக் கொடுத்தேன்: 'தையல் மெஷின் எண்ணெய், மெல்லியது, சிறிய புட்டி ஒன்று.' வெறும் 'எண்ணெய்' என்று எழுத இப்போதெல்லாம் கை வருவதில்லை.

உங்கள் வீட்டிலும் சொல்தா பெரியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் சொல்லிவைத்த இப்படிப்பட்ட விஷயங்கள் ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். நம்மோடு அவை போய்விடக் கூடாது.